திலக் நகர் மாடிகளும் 'பி' படிவமும்

2018-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு. அலுவலகம் விட்டவர்கள் ஹார்பர் ரயிலில் வந்து இறங்கி வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். செம்பூர் திலக் நகரில், கணேஷ் கார்டன் அருகே, சர்கம் சொசைட்டி என்ற உயர்ந்த கட்டடத்தின் மேல்மாடியில் தீப்பிடித்தது. ஐந்து பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் எழுபது வயதைக் கடந்த முதியவர்கள். கட்டடத்திலேயே பொருத்தப்பட்டிருந்த தீயணைப்புச் சாதனங்கள் வேலை செய்யவில்லை என்று தீயணைப்புத் துறையினர் அப்போது கூறினர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 8-ஆம் தேதி, புதிய திலக் நகரில் 'ரயில் வியூ' என்ற கட்டடத்தின் 12-வது மாடியில் மீண்டும் தீ. குர்லா டெர்மினஸ் என்று பழகிப்போன லோகமான்ய திலக் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கட்டடம் அது. சிலர் சன்னல் வழியே வெளியேறி, பிடிக்குப் பிடி தேடி இறங்கிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

இரண்டு தீக்கும் இடையே இருந்த ஆண்டுகளில், சட்டப்படி ஒவ்வொரு ஜனவரியிலும் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு தாள் இந்த வட்டாரத்தின் உயர்ந்த கட்டடங்களிலிருந்து தீயணைப்புத் துறைக்குப் போயிருக்க வேண்டும். அதற்கு 'பி' படிவம் என்று பெயர். திலக் நகரில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தத் தாளைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? அப்படி ஒரு தாள் இருப்பதையே கேள்விப்படாதவர்கள்தாம் அதிகம்.

ஏணி வைத்து எட்டிய காலம்

திலக் நகர் ஹவுசிங் போர்டு காலனி. தரைத்தளமும் அதன்மேல் மூன்று நான்கு மாடியுமாகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடங்களில் மில் குமாஸ்தாக்கள், ரயில்வே ஊழியர்கள், துறைமுக அலுவலர்கள் குடியேறினார்கள். செம்பூரில் தமிழர்கள் பெருகப் பெருக, சேடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்று தேடியவர்களுக்குத் திலக் நகர் வாய்ப்பாக இருந்தது. அந்தக் கட்டடங்களில் லிப்ட் கிடையாது, தண்ணீர் பீய்ச்சும் பம்பும் கிடையாது. தீப்பிடித்தால் மாடிப்படியில் ஓடி இறங்கிவிடலாம். இல்லாவிட்டால் தீயணைப்பு வண்டியின் சாதாரண ஏணியே எட்டிவிடும்.

பழைய கட்டடங்களை இடித்து உயரமாகக் கட்டிக்கொள்ள மும்பையின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி 33(5) வழி செய்தது. பில்டர்கள் வந்தார்கள். நான்கு மாடி இருந்த இடத்தில் பதினைந்து மாடி எழுந்தது. பழைய குடியிருப்பாளர்களுக்கு இலவசமாகப் பெரிய பிளாட் கிடைத்தது. மிச்ச பிளாட்டுகளை பில்டர் விற்றார். இலவசமாகப் பெற்றவர்களில் ஓய்வு பெற்ற பலர் மகனோடு சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விட்டார்கள். பிளாட்டை வாடகைக்கு விட்டார்கள். அங்கே இப்போது குடியிருப்பவர் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்த இன்னொரு குமாஸ்தா. ஆகவே இந்தக் கதையில் வீட்டுக்காரரும் தமிழராக இருக்கலாம், குடியிருப்பவரும் தமிழராக இருக்கலாம்.

உயரம் கூடியபோது ஆபத்தின் தன்மையும் மாறிவிட்டது. பதினோராவது மாடியில் தீயைவிடப் புகையே முதலில் கொல்கிறது. மின்கம்பிகள் மேலே ஏறும் சந்து அடைக்கப்படாமல் திறந்து கிடந்தால், அதுவே புகைபோக்கியாகிவிடும். லிப்டில் ஏறக்கூடாது. எண்பது வயதுப் பாட்டியால் படியில் இறங்க முடியாது. எனவேதான் உயர்ந்த கட்டடங்களுக்குள்ளேயே ஒரு சிறு தீயணைப்பு நிலையத்தை அமைக்கச் சொல்கிறார்கள். கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி, மொட்டை மாடியில் ஒரு தொட்டி, இரண்டையும் இணைக்கும் தடித்த குழாய், ஒவ்வொரு மாடியிலும் வால்வு, ஹோஸ், புகை கண்டுபிடிக்கும் கருவி, மணி, ஓடிவந்து தங்க ஓர் அடைக்கலப் பகுதி. இத்தனையும் ஒரே ஒரு பம்பின் சுவிட்சை நம்பி நிற்கின்றன.

எந்தப் பெயரால் அழைத்தாலும்

மராட்டிய அரசு 2006-ஆம் ஆண்டுத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு ஏற்பாடுகள் சட்டத்தை இயற்றியது. அது 2008 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதில் ஒரு சொற்றொடர் கவனிக்கத்தக்கது. பில்டர், உரிமையாளர், குடியிருப்பவர், அல்லது வேறு எந்தப் பெயரால் அழைக்கப்படுபவராயினும் இந்த ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். "நான் இல்லை, அவர்" என்று யாரும் கைகாட்டித் தப்பக்கூடாது என்பதற்காகவே சட்டம் எழுதியவர்கள் வலையை இவ்வளவு அகலமாக வீசினார்கள். நடந்தது என்னவோ நேர்மாறு. எல்லாரும் பொறுப்பு என்றதும் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள்.

சாதனங்களைப் பொருத்தியதும் உரிமம் பெற்ற ஏஜென்சி 'ஏ' படிவத்தில் சான்று தரும். அதன்பிறகு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், "எல்லாம் நல்ல நிலையில் வேலை செய்கிறது" என்று அத்தகைய ஏஜென்சி 'பி' படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதை உரிமையாளரோ சொசைட்டியோ தலைமைத் தீயணைப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம் என்று 2006 சட்டம் வகுத்தது. நோட்டீசுக்கும் அசையாவிட்டால் கட்டடத்தின் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லும் அதிகாரமும் தீயணைப்புத் துறைக்கு உண்டு.

கடைசித் தண்டனையைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் போனால் யாருக்குக் கஷ்டம்? கோயம்புத்தூரில் இருக்கும் வீட்டுக்காரருக்கு அல்ல. மாதம் பிறந்தால் வாடகை கட்டுகிறவருக்குத்தான். தவறு ஒருவருடையது, இருட்டில் உட்காருவது இன்னொருவர். அதிகாரிகள் இந்த ஆயுதத்தை எடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தயக்கத்தின் பலனை அனுபவிப்பவர்கள் படிவம் அனுப்பாதவர்கள்.

சுவிட்சை அணைத்தது யார்?

படிவம் அனுப்பினால் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. 'பி' படிவத்தில் கையெழுத்திடும் ஏஜென்சியை நியமிப்பது சொசைட்டி. பணம் கொடுப்பதும் சொசைட்டிதான். குறைந்த தொகை கேட்கிறவருக்கு வேலை போகும். குறை கண்டுபிடிக்கிற ஏஜென்சியை அடுத்த ஜூலையில் கூப்பிடுவார்களா? நேர்மையான ஏஜென்சிகள் இருக்கின்றன. ஆனாலும் மாணவனே பரீட்சை அதிகாரியைப் பொறுக்கி எடுத்து, அவருக்குச் சம்பளமும் கொடுக்கும் ஏற்பாடு இது. தீயணைப்புத் துறை அவ்வப்போது நேரில் வந்து பார்க்கிறது. இத்தனை பெரிய நகரில் எல்லாக் கட்டடத்துக்கும் ஆறு மாதத்துக்கொரு முறை ஆளனுப்ப அதனால் முடியாது.

பம்ப் ஏன் நின்றுபோகிறது என்பதற்குப் பெரும்பாலும் சதியோ கொள்ளையோ காரணம் அல்ல, மிகச் சாதாரணமான விஷயங்களே காரணம். குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்க வேண்டும் என்பதற்காக ஜாக்கி பம்ப் என்று ஒரு சிறு பம்ப் வைத்திருப்பார்கள். எங்காவது ஒரு வால்வில் சொட்டுச் சொட்டாக ஒழுகினாலும் அழுத்தம் குறையும். உடனே அந்தப் பம்ப் தானாக ஓடும். இரவு இரண்டு மணிக்கும் ஓடும். தரைத்தளத்தில் இருப்பவர் தூக்கம் கெடுகிறது என்பார். கரண்ட் பில் ஏறுகிறது என்று பொருளாளர் முணுமுணுப்பார். ஒழுகும் வால்வை மாற்றச் செலவாகும். சுவிட்சை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவ'லுக்குத் திருப்பச் செலவே இல்லை. வாட்ச்மேன் திருப்பிவிடுகிறார். பிறகு குழாய் மெல்ல வறண்டுபோகிறது. ஹோஸின் நுனியில் இருக்கும் பித்தளை நாசில் ஒருநாள் காணாமற்போகிறது. வால்வில் துரு ஏறுகிறது. ஹோஸ் பெட்டிக்குள் துடைப்பம் குடியேறுகிறது. மாடிப்படித் திருப்பத்தில் செருப்பு ஸ்டாண்டு, பழைய மெத்தை, சைக்கிள். இந்த நிலையில் உள்ள கட்டடத்துக்கும் ஜூலையில் "நல்ல நிலையில் உள்ளது" என்று ஒரு தாள் வந்துவிட முடியும்.

மும்பையில் இது திலக் நகரோடு நின்றதல்ல. 2022 ஜனவரி 22-இல் தார்தேவில் சச்சினம் ஹைட்ஸ் என்ற 20 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்துக் குறைந்தது ஆறு பேர் இறந்தார்கள். அங்கேயும் கட்டடத்தின் தீயணைப்புச் சாதனங்கள் இயங்கவில்லை என்றே சொல்லப்பட்டது. விலையுயர்ந்த இடமானாலும் நடுத்தர மக்கள் இடமானாலும் கதை மாறவில்லை.

மறுகட்டுமானக் கட்டடங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நிலம் வீட்டுவசதி ஆணையமான மாடாவினுடையது. கட்டடம் பில்டர் கையில். தீயணைப்புத் தடையின்மைச் சான்று தருவது மாநகராட்சியின் தீயணைப்புத் துறை. எல்லாம் முடிந்து குடியேறலாம் என்று தரப்படும் ஓ.சி. என்ற சான்றிதழ் வருவதற்கு முன்பே பல இடங்களில் ஜனங்கள் குடியேறிவிடுகிறார்கள். வெளியே வாடகை கொடுத்துக் கொடுத்துச் சலித்தவர்கள் என்ன செய்வார்கள்? பில்டர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். சொசைட்டி பொறுப்பை ஏற்றிருக்காது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பம்புக்கு எண்ணெய் போடுவது யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

தாள்கள் ஒரு பக்கமே போகின்றன

வாடகைக்கு வருகிறவரிடம் எத்தனை தாள் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். ஆதார், பான், கம்பெனிக் கடிதம், சம்பளச் சீட்டு, புகைப்படம். குடிவந்தவர் யார், எவர் என்ற விவரம் போலீசுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வீட்டுக்காரர் மேல் வழக்கு வரும். ஆகவே அது தவறாமல் போகிறது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று 1999-ஆம் ஆண்டு மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. பதியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். அதோடு, தகராறு வந்தால் குடியிருப்பவர் சொல்வதே உண்மை என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் இப்போது பெரும்பாலோர் பதிவு செய்துவிடுகிறார்கள்.

சொசைட்டியும் சும்மா இருப்பதில்லை. பிளாட்டை வாடகைக்கு விட்டால், பராமரிப்புச் சேவைக் கட்டணத்தில் பத்து சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கலாம் என்று 2001 ஆகஸ்டில் அரசு உத்தரவு போட்டது. அந்தத் தொகை கடைசியில் வாடகையில்தான் ஏறுகிறது.

குடியிருப்பவரைப் பற்றிப் போலீசுக்குத் தாள் போகிறது, பதிவு அலுவலகத்துக்குத் தாள் போகிறது, சொசைட்டிக்குத் தாள் போகிறது. கட்டடத்தைப் பற்றிக் குடியிருப்பவருக்கு ஒரு தாளும் வருவதில்லை. லிப்டின் உரிமச் சீட்டாவது பல கட்டடங்களில் லிப்டுக்குள்ளேயே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. ஏறி இறங்கும்போது கண்ணில் படும். 'பி' படிவம் செக்ரட்டரியின் அலமாரியில் தூங்குகிறது. சொசைட்டி உறுப்பினருக்குக் கூட்டுறவுச் சட்டப்படி சில பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை உண்டு. வாடகைக்கு இருப்பவர் உறுப்பினர் அல்ல. பொதுக்குழுவில் ஓட்டும் இல்லை. வீட்டுக்காரருக்கு ஓட்டு உண்டு, ஆனால் அவர் ஊரில் இல்லை.

பாய்லர் கற்றுத்தந்த பாடம்

பரேல், லால்பாக் மில்களில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். அவர் வருகிறார் என்றால் மில்லில் பெரிய அதிகாரிகளும் பரபரப்பாகிவிடுவார்கள். 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பெருஞ்சேதம் விளைந்த பிறகு, 1864-இல் வங்காளத்தில் கொதிகலன்களைச் சோதிக்கச் சட்டம் வந்தது. பிறகு 1923-இல் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம். அதற்குப் பதிலாக 2025-இல் புதிய சட்டம். அடிப்படை மட்டும் மாறவில்லை: பதிவு செய்யாத கொதிகலனை மூட்டக்கூடாது. முதலாளி யார், குத்தகைக்காரர் யார் என்ற விசாரணையெல்லாம் பிறகு. எண் பொறிக்கப்படாத பாய்லரில் நெருப்பு வைத்தாலே குற்றம்.

இங்கே குடியிருப்புக் கட்டடங்களில் பாய்லர் இல்லை. குளியலறை கீசர் அந்தச் சட்டத்தின் கணக்கில் வராது. குளிர்நாடுகளில் அப்படியல்ல, வீட்டைச் சூடாக்க வீட்டுக்கு வீடு எரிவாயு பாய்லர் இருக்கிறது. அது பழுதானால் மணமில்லாத விஷவாயு கசிந்து, தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஆகவே பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி வீட்டுக்காரர் ஆண்டுக்கொரு முறை பதிவு பெற்ற பொறியாளரைக் கொண்டு பாய்லரைச் சோதிக்க வேண்டும். அதோடு முடியவில்லை. சோதனை நடந்த 28 நாட்களுக்குள் அந்தச் சான்றின் பிரதியைக் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். புதிதாகக் குடிவருகிறவருக்கு, அவர் பெட்டி படுக்கையோடு உள்ளே வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

மும்பையின் படிவத்துக்கும் பிரிட்டனின் படிவத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே தாள் அரசாங்கத்தின் பைலுக்கு மட்டும் போவதில்லை, அந்த வீட்டில் தூங்குகிறவரிடமும் வருகிறது. தாள் வராவிட்டால் உடனே தெரிந்துகொள்ளும் முதல் மனிதர் அவரே. ஆயிரம் இன்ஸ்பெக்டர்களை நியமிப்பதைவிட இது மலிவான காவல்.

எரிவாயு கீசர் மும்பையிலும் பரவியிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் அதை மாட்டிவிட்டு வாடகைக்கு விடுகிற வீடுகள் இருக்கின்றன. அதற்கு 'ஏ' படிவமும் கிடையாது, 'பி' படிவமும் கிடையாது. சன்னலைத் திறந்து வைத்துக் குளிப்பதுதான் இப்போதைக்கு இருக்கும் ஒரே சட்டம்.

பிரிட்டனில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். வீட்டுக்காரர் அங்கே நகராட்சியேதான். தீயாபத்து இருக்கிறது என்று குடியிருப்பவர்கள் முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தார்கள், கேட்பாரில்லை. 2025 நவம்பர் 26-இல் ஹாங்காங்கின் வாங் ஃபுக் கோர்ட் அடுக்குமாடிகள் எரிந்து 150-க்கும் மேற்பட்டோர் மடிந்தபோது, எச்சரிக்கை மணியே ஒலிக்கவில்லை என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். பணக்கார நகரம், கடுமையான விதிகள், ஆனாலும் மணி ஊமையாக இருந்தது.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு வார்த்தை

ஒற்றை பிளாட் வைத்திருக்கும் ஓய்வு பெற்ற குமாஸ்தாவைப் பெரிய ஜமீன்தாரைப் போலப் பேசுவது நியாயமாகாது. வாடகைதான் அவருக்குப் பென்ஷன். கட்டடத்தின் பம்பை அவர் ஒருவராகப் பழுது பார்க்க முடியாது, அது பொதுச்சொத்து. சொசைட்டிக் கூட்டத்தில் பழுதுக்குப் பணம் கேட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். செக்ரட்டரி பதவிக்குச் சம்பளம் இல்லை, திட்டு மட்டுமே உண்டு.

ஆனால் அவர் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. செக்ரட்டரியிடம் கடைசி 'பி' படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். உறுப்பினர் என்ற முறையில் கேட்க அவருக்கு உரிமை உண்டு. செலவு ஒரு ஜெராக்ஸ். போலீசுக்குக் குடியிருப்பவரின் புகைப்படத்தை அனுப்பத் தெரிந்தவருக்கு இது கடினமல்ல. இதைக்கூடச் செய்யாமல் மூன்று மாத டெபாசிட்டை மட்டும் எண்ணி வாங்குகிற வீட்டுக்காரர் மேல் குறை சொன்னால் தப்பில்லை.

குடியிருப்பவர் என்ன செய்யலாம்? டெபாசிட் கொடுப்பதற்கு முன் புரோக்கரிடம் படிவத்தைக் கேட்கலாம். அவர் முழிப்பார், முழித்தாலும் பரவாயில்லை, நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்குத் தயாராக வைத்திருப்பார். பிளாட்டைப் பார்க்கப் போகும்போது சமையலறை பிளாட்பாரத்தையும் தண்ணீர் வரும் நேரத்தையும் விசாரிப்பதோடு, கீழே பம்ப் அறையையும் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கலாம். பேனலில் சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கிறதா? குழாயின் அழுத்தமானியில் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறதா, மேலே நிற்கிறதா? முள் பூஜ்யத்தில் இருந்தால் படிவம் என்ன சொன்னாலும் பத்தாவது மாடிக்குத் தண்ணீர் வராது. மாடிப்படிக் கதவு மூடுகிறதா, ஹோஸ் பெட்டிக்குள் ஹோஸ் இருக்கிறதா என்பதைப் பார்க்க இன்ஜினீயர் வேண்டியதில்லை.

கேட்டும் காட்டாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தீயணைப்புத் துறை மாநகராட்சியைச் சேர்ந்தது. இந்தக் கட்டடத்திலிருந்து சென்ற ஜனவரிக்கும் ஜூலைக்கும் 'பி' படிவம் வந்ததா, நகல் தருக என்று பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மனு கொடுக்கலாம். முப்பது நாட்களில் பதில் வர வேண்டும். மனு கொடுக்க உறுப்பினராகவோ வீட்டுக்காரராகவோ இருக்க வேண்டியதில்லை. இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். குமாஸ்தா வேலை பார்ப்பவருக்கு மனு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்ன! பெயர் வெளியே தெரிந்தால் பதினோரு மாதம் முடிந்ததும் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். அதே கட்டடத்தில் குடியில்லாத நண்பர் ஒருவர் பெயரிலும் மனு போகலாம். சட்டம் காரணம் கேட்பதில்லை.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். 1944-இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் சில சொசைட்டிகள் தீயணைப்பு ஒத்திகை நடத்துகின்றன. முதல் நாள் சித்திரைப் பிறப்பு; தமிழ்க் குடும்பங்கள் கோயிலில் இருக்கும். மற்ற ஆறு நாளில் ஏதாவது ஒரு மாலை, ஹோஸிலிருந்து உண்மையில் தண்ணீர் வருகிறதா என்று நின்று பார்க்கலாம்.

தாராவிக்கு நாளை

இந்த விஷயம் திலக் நகர்க்காரர்களுக்கு மட்டும் என்று தாராவித் தமிழர்கள் நினைத்துவிடக்கூடாது. 2023 அக்டோபர் 6-ஆம் தேதி கோரேகாவில் ஜெய் பவானி என்ற கட்டடத்தில், கீழே நிறுத்தியிருந்த வண்டிகளில் பிடித்த தீயின் புகை மேலேறிக் குறைந்தது ஏழு பேர் இறந்தார்கள். அது குடிசைவாசிகளுக்கு மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டிக் கொடுக்கப்பட்ட கட்டடம். அடுத்த ஆண்டு அதே அக்டோபர் 6-இல் செம்பூர் சித்தார்த் காலனியில், கீழே கடை, மேலே வீடு என்றிருந்த ஒரு சிறிய இடத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஏழு பேர் மாண்டார்கள். அந்த மாதிரி வீட்டுக்கு உயர்ந்த கட்டடத்தின் பம்பும் இல்லை, குழாயும் இல்லை. தாராவியில் பெரும்பாலோர் இன்று இருப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

தாராவி மறுகட்டுமான ஒப்பந்தம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போயிற்று. தகுதி பெற்றவர்களுக்கு 350 சதுர அடி பிளாட் என்று 2024-இல் அறிவித்தார்கள். யாருக்குத் தகுதி, யார் வெளியே என்ற சண்டையில் மற்ற கேள்விகள் காதில் விழுவதில்லை, அது இயற்கைதான். ஆனால் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தரையில் வாழ்ந்த குடும்பம் ஒருநாள் பதினைந்தாவது மாடிக்குப் போகும்போது, அந்தக் குடும்பமே உரிமையாளராகவும் சொசைட்டி உறுப்பினராகவும் ஆகிவிடும். சட்டம் சொல்கிற "எந்தப் பெயரால் அழைக்கப்படுபவராயினும்" என்ற வரிசையில் அதன் பெயரும் சேர்ந்துவிடும். பராமரிப்புப் பணத்தில் லிப்டுக்கு எவ்வளவு, தண்ணீருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுகிறவர்கள், பம்புக்கும் ஹோஸுக்கும் எவ்வளவு, முதல் பத்து ஆண்டுகளுக்கு அதைக் கட்டுவது பில்டரா சொசைட்டியா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எழுத்தில் கேட்க வேண்டும். சாவி கையில் வந்தபிறகு கேட்டால் பதில் சொல்ல பில்டரின் அலுவலகம் அங்கே இருக்காது.